சூடு தணிக்கிற மூட்டை

மூட்டைக்காரர் என்றதும் தலையில் சுமை தூக்குகிற ஆளாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதர் வாழ்நாளில் தூக்கியதெல்லாம் சால்டரிங் கம்பியும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும்தான். கைக்கணினி செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனியில், பின்பக்க அறையில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்தே வயசானவர். கைக்கணினி என்றால், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர்கள் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு திரிவார்களே, செங்கல்லுக்குத் தம்பி மாதிரி ஒரு கறுப்புச் சாமான், அதுதான். எல்லோரும் அதை மிஷின் என்றுதான் சொல்வார்கள். மிஷின் மந்தமாகிவிட்டது என்பதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க எந்த ஆபீசுக்கும் மனசு வராது. அதன் முதுகில் ஒரு பெட்டியைச் செருகினால் கொஞ்சம் வேகம் பிடிக்கும். அந்தப் பெட்டிகளை யோசித்துச் செய்வதுதான் அவர் வேலை. முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிற சாமான் என்பதால் கம்பெனியில் அதற்கு மூட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஐடியா வருவதற்கு நேரம் காலமே கிடையாது அவருக்கு. முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையை விட்டு ஓடி வருவார், "ஏம்மா, இருக்குற மெமரிக்குப் பக்கத்துலயே இன்னொரு சிப்ப வெச்சா என்ன?" என்று. அடுப்படியில் நிற்கிற மனைவி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "வைங்க, யாரு வேணாம்னா? மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்பாள். அத்தனை ஐடியாவும் தேறிவிடாது. பேட்டரியை இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு ஒரு வயர் மட்டும் மிஷினுக்குப் போகிற மாதிரி ஒன்று செய்தார். மேலாளர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில இருந்து தப்பிச்சு ஓடியாந்த ஆளு மாதிரி இருக்கேய்யா" என்றார். தொப்பியில் சோலார் தகடு பதிக்கிற ஐடியாவுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. சிரித்துச் சிரித்து மேலாளருக்குப் புரையேறியதுதான் மிச்சம்.

சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. மூட்டைக்காரர் மெனக்கெட்டது கம்பெனிக்காக இல்லை, மனைவிக்காக. அவள் தண்ணீர் ஆபீசில் மீட்டர் பார்க்கிறவள். அவள் ஏரியாவில் கைக்குழந்தை தொடங்கி கிழவர் வரை எல்லோருக்கும் அவள் மீட்டர் அக்கா. அவள் கையில் இருந்ததும் அதே கறுப்பு மிஷின்தான். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டரைப் படம் பிடிக்க வேண்டும், மிஷின் அதைப் படித்து எண்ணைச் சொல்ல வேண்டும், அது ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்கு அப்புறம்தான் அடுத்த வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெண், இந்த வேலைக்குப் போன பிறகு இருட்டிய அப்புறம்தான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுவாள். "என்னம்மா ஆச்சு?" என்றால், "மிஷின் நின்னு நின்னு போச்சுங்க" என்பாள். ஒருநாள் சாப்பிடுகிறபோதே, வாயில் வைத்த கவளத்தோடு தூங்கிப்போனாள். மூட்டைக்காரர் அவள் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார். உன்னைப் பொழுதோடு வீட்டுக்கு வரவைக்கிறேனா இல்லையா பார் என்று அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். எந்த மூட்டை செய்தாலும் மிஷினை மேசை மேல் ஒரு தாங்கியில் நிறுத்தி, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற பழைய மீட்டரைப் படம் பிடிக்க விட்டுப் பார்ப்பார்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து அது அடுத்த வேலைக்குத் தயார் என்று சொல்கிற வரை எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள். அந்த நேரத்துக்கு வீண் நேரம் என்று பெயர். எந்த மூட்டை வீண் நேரத்தைக் குறைக்கிறதோ அது நல்ல மூட்டை. மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை ஃபேன் வேறு குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருக்கும். மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்க்கலாமே என்று அங்கே ஒரு பிள்ளைக்கும் தோன்றியதில்லை. மூட்டைக்காரருக்கே தோன்றவில்லையே, மற்றவர்களைச் சொல்லி என்ன?

முதலில் மெமரி மூட்டை செய்தார். மிஷின் திக்கித் திணறுவது நின்றது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போய், வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெருவிளக்கு எரிந்தது, பக்கத்து வீட்டு டிவியில் செய்தி ஓடி முடிந்தது, அவள் வரவில்லை. வந்தபோது பழைய நேரத்துக்குத்தான் வந்தாள். "வேகமா ஓடுதுல்ல, அதான் இன்னும் கொஞ்சம் தெருவ நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றாள். மூட்டைக்காரர் தண்ணீர் ஆபீசைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவங்க தெருவைக் கூட்டினா நான் வேகத்தைக் கூட்டுறேன், யாரு சளைக்கிறாங்கன்னு பாத்துடலாம் என்று ஆன்டெனா மூட்டையில் இறங்கினார். அதற்கும் தெருவைக் கூட்டினார்கள். பிறகு பெரிய பேட்டரி மூட்டை. அதற்கும்தான். வருஷங்கள் இப்படியே ஓடின. அவருக்குக் கண்ணாடி மாறியது, முட்டி வலி வந்தது. அவளுக்கு மணிக்கட்டு வலி வந்து, துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். தோற்றது தான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேறு என்ன செய்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை. அவர் கற்றிருந்த ஒரே வித்தை மூட்டை கட்டுவது.

ஒவ்வொரு புது மூட்டையும் அவள் கைக்குப் போன அன்று, சாப்பிட உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்பார்.

"எப்படிம்மா இருக்கு?"

"பறக்குதுங்க" என்பாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அது போதும் அவருக்கு, உச்சி குளிர்ந்துவிடும்.

கடைசியாக அவருடைய கண்ணில் பட்டது சூடு. வெயிலில் கொஞ்ச நேரம் தொடர்ந்து வேலை செய்தால் மிஷின் கொதித்துப்போய்த் தானாக அணைந்துவிடும். திரையில் ஒரு தெர்மாமீட்டர் படம் வந்து நிற்கும். சூடு இறங்குகிற வரைக்கும் தலைகீழாக நின்றாலும் எழுந்திருக்காது. ஒரு நாளைக்குப் பலமுறை இப்படி ஆகிறது என்று தண்ணீர் ஆபீசிலிருந்து புகார் மேல் புகார். இதுதான், இதைச் சரிசெய்துவிட்டால் போதும், அவள் பொழுதோடு வந்துவிடுவாள் என்று அவர் முடிவுகட்டினார். அலுமினியத் தகடு, கட்டைவிரல் நகத்தளவு விசிறி, காற்றுப் போக ஒரு சந்து என்று மழைக்காலம் முழுவதும் அதோடு மாரடித்தார். அவள் மணிக்கட்டை நினைத்து, பெட்டியின் சுவரைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கினார். மேசை ஃபேனை அணைத்துவிட்டு, ஒரு பெரிய குண்டு பல்பை மிஷின் மேல் எரியவிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க ஓடியும் மிஷின் ஒரு தடவைகூட அணையவில்லை.

மேலாளர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மூட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோவ், இது தேறிடும்யா. தண்ணி ஆபீஸ் அத்தனை மிஷினுக்கும் வேணும்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனைதான். செஞ்ச ஆளு ஒரு நாள் ரோட்டுல கூடவே போய்ப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லணுமாம். உங்க வீட்டம்மாவே அங்கதானே இருக்காங்க? அவங்களோடயே போயிட்டு வாங்க. ரெண்டு பேரும் வெளிய போயி எத்தனை நாளாச்சோ."

எத்தனை வருஷமாச்சோ என்று கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். மூட்டைக்காரர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். அவள் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றாள். மிஷினின் முதுகில் அவர் கையாலேயே புது மூட்டையைச் செருகிக் கொடுத்தார். டக்கென்று உட்கார்ந்தது. விசிறி காதோரம் கொசு மாதிரி ரீங்காரமிட்டது.

முதல் கட்டடத்தில் மனிதருக்கு ஒரே குஷி. அவள் மீட்டர் பெட்டியைத் திறப்பாள், படம் பிடிப்பாள், மிஷின் கீச்சென்று தயார் என்று சொல்லும், அடுத்த வீடு. அவர் பின்னாலேயே போய் மிஷினை அடிக்கடி தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இல்லாவிட்டாலும் வெதுவெதுப்போடு நின்றது. "பாத்தியா, பாத்தியா!" என்றார். "பாத்தேன், பாத்தேன். வழிய விடுங்க" என்றாள். மூன்றாவது கட்டடத்தில் அவர் பேச்சு குறைந்தது. ஐந்தாவதில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்கு அப்புறம் அவர் எண்ணவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் போகிறவளோ நிற்கிற மாதிரியே தெரியவில்லை. ஏறினாள், குனிந்தாள், படம் பிடித்தாள், இறங்கினாள். கீச், கீச் என்று மிஷின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, செத்த உக்காரலாமா? தாகமா இருக்கு" என்றார் அவர், வெட்கத்தை விட்டு.

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு மடக்கு குடித்திருப்பார், அவளுடைய போன் அடித்தது. மேற்பார்வையாளர். குரல் அவருக்கே கேட்டது.

"என்னக்கா, ஒரே எடத்துல நிக்கிறீங்க? மிஷின் ரெடியாத்தானே இருக்கு?"

"செருப்பு வார் அறுந்துடுச்சு சார். ஊக்கு மாட்டிக்கிட்டு இருக்கேன். இதோ கெளம்பிட்டேன்" என்றாள் அவள்.

மூட்டைக்காரர் குனிந்து அவள் செருப்பைப் பார்த்தார். இரண்டு வாரும் கல்லு மாதிரி இருந்தன. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. அதுவும் இப்படி, மூச்சுவிடுகிற மாதிரி ஒரு பொய்.

"நாம நின்னா அவருக்கு எப்படித் தெரியுது?"

"மிஷின் ரெடின்னு சொல்லியும் நான் அழுத்தலன்னா அங்க தெரிஞ்சிடும். வாங்க, போலாம்."

அவர் எழுந்தார். எழும்போது முட்டி போட்ட சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த கட்டடத்து வாசல் படியில் ஒரு பெண் காலை நீட்டிக்கொண்டு ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தாள். செருப்பு ஒருபுறம் கிடந்தது, மடக்கிய குடை ஒருபுறம் கிடந்தது, மடியில் டப்பா சாப்பாடு. அவளும் மீட்டர் பார்க்கிறவள்தான். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வரமாட்டாள் என்பதால் ஆபீசில் அவளைக் குடை என்றே கூப்பிடுவார்கள். அடுத்த ஏரியா அவளுடையது. எல்லைக்கட்டடம் என்பதால் எப்போதாவது இப்படி எதிர்ப்படுவாள்.

"அடி என் ராசாத்தி! உன்னப் பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்று கத்தினாள் குடை. "இது யாரு, வீட்டுக்காரரா? அண்ணே, உக்காருங்கண்ணே. இங்க நம்ம மிஷினுக்கு மயக்கம் போட்டுடுச்சு." பக்கத்தில் படியில் கிடந்த மிஷினைக் காட்டினாள். திரையில் தெர்மாமீட்டர் படம் நின்றிருந்தது. "அது தெளிஞ்சு எந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்டுக்கலாம். மிஷின் நின்னா ஒருத்தனும் போன் பண்ண மாட்டான். நாம நின்னாத்தான் அவனுகளுக்குப் பொறுக்காது."

மூட்டைக்காரர் தெர்மாமீட்டர் படத்தைப் பார்த்தார். குடை அதற்குள் மீட்டர் அக்காவின் கையிலிருந்த மிஷினைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, புது மூட்டை? விசிறி வேற ஓடுது? அடப் படுபாவி, இதுலயும் கைய வெச்சுட்டானா? அப்ப இனிமே மயக்கமே போடாதா?"

அக்கா பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை.

"கேளுங்கண்ணே இந்த அநியாயத்த" என்று குடை அவர் பக்கம் திரும்பினாள். "முன்னாடியெல்லாம் மாடில சிக்னல் கெடைக்காது. அனுப்புறதுக்கு வாசலுக்கு எறங்கி வரணும். நானும் இவளும் அப்பதான் பழக்கமே. கேட்டாண்ட நின்னு நாலு வார்த்தை பேசுவோம், எம் புருஷனத் திட்டுவோம், மனசு லேசாயிடும். எவனோ ஒருத்தன் ஆன்டெனா மூட்டைய மாட்டிவிட்டான். அதோட போச்சு. அப்புறம் மத்தியானம் ஆனா பேட்டரி மாத்த ஆபீசுக்குப் போவோம். நெழல்ல ஒக்காந்து சாப்பிடலாம், கை கால் கழுவலாம், பொம்பளைங்களுக்குப் போக வர ஒரு எடம் இருந்துச்சு. பெரிய பேட்டரிய மாட்டிவிட்டான். அதுவும் போச்சு. இப்ப நடந்துக்கிட்டே திங்கிறோம். மிச்சம் இருந்தது இந்த மயக்கம் ஒண்ணுதான். அவன் எங்க ஒக்காந்துக்கிட்டு யோசிக்கிறானோ! அவன் பொண்டாட்டி ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி எறங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும் அவனுக்கு!"

"சரி விடுடி. சோத்தத் தின்னு" என்றாள் அக்கா.

மூட்டைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நான்தான் அந்தப் படுபாவி என்று சொல்லிவிட வாயெடுத்தார், அதற்குள் குடையின் மிஷின் கீச்சென்றது. மயக்கம் தெளிந்துவிட்டது. "சனியனே, அதுக்குள்ள எந்திரிச்சுட்டியா?" என்று அவள் பாதி டப்பாவை மூடிப் பைக்குள் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கட்டடம் முழுவதும் அவர் அவள் பின்னாலேயே ஏறினார். மிஷின் மட்டும் கீச், கீச் என்றது. கடைசி மாடி ஏறி, மொட்டை மாடிக் கதவுக்கு முன்னால் இருக்கிற மீட்டர் பெட்டியை அவள் திறந்தபோது அவர் கேட்டார்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

அவள் படம் பிடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "மெமரி வந்தப்பவே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க வாசல்ல நாற்காலியப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கிட்டு வந்த புள்ள மாதிரி மொகம். அதுல மண்ண அள்ளிப் போடச் சொல்றீங்களா? அப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. எல்லாமே எனக்காகன்னு சொல்லிச் சொல்லிச் செஞ்சீங்க. கண்ணு போச்சு, முட்டி போச்சு உங்களுக்கு. பறக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியாத் தூங்குனீங்க. என்னால கொடுக்க முடிஞ்சது அதுதான்."

"கூட வேலை பாக்குறவங்களுக்குத் தெரியுமா?"

"எம் புருஷன்தான் செய்றாருன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல. திட்டும்போது நானும் சேந்து ரெண்டு திட்டிக்குவேன்." லேசாகச் சிரித்தாள். "அது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை, யார் வீட்டு மாடிப்படியிலோ நின்றுகொண்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை வருஷம், எத்தனை மழைக்காலம்! அவள் உட்கார்ந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பிடுங்கியிருக்கிறார், அதுவும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. இந்த வீண் நேரத்தில்தான் அவள் தின்று, குடித்து, காலை நீட்டி உயிர் வாழ்ந்திருக்கிறாள்.

"அந்த மிஷினக் குடு" என்றார்.

வாங்கி, பின்பக்கத்துக் கொக்கியை நகத்தால் நெம்பி, புது மூட்டையை மட்டும் கழற்றினார்.

"என்ன பண்றீங்க? சாயங்காலம் என்ன சொல்லுவீங்க அங்க?"

"மேசையில நல்லா ஓடுச்சு, ரோட்டுல தாங்கலன்னு சொல்லிடுறேன்."

"பொய்யா? உங்களுக்கு வருமா அதெல்லாம்?"

"வார் அறுந்துச்சுன்னு நீ சொல்லல? கத்துக்குறேன்."

"மேலாளர் ஆசையா இருக்காருன்னு சொன்னீங்களே. உங்க பேரு கெட்டுப் போகுமே."

"பேரா? அதான் பாத்தேனே எம் பேரு எப்படி இருக்குன்னு. படுபாவி."

"நீங்க செய்யலன்னா வேற ஆள வெச்சுச் செய்வாங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கும் வெயில் அடிக்கும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"செய்யட்டும். அவன் யோசிச்சு, செஞ்சு, மேசையில வெச்சுப் பாத்துக் கொண்டாரதுக்குக் கொஞ்ச நாளாவது ஆகுமில்ல? அதுவரைக்கும் ஒக்காந்துக்கங்க."

மூட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிஷினை அவள் கையில் கொடுத்தார். அடுத்த கட்டடத்தின் மேல்மாடிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மிஷின் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. மொட்டை மாடிக் கதவு திறந்து கிடந்தது. உள்பக்கம் நிழலாக ஒரு சின்ன இடம், கதவை ஒட்டித் தாழ்வாக ஒரு உடைந்த பெஞ்சு. மிஷின் ஒரு தடவை நடுங்கியது. திரை இருண்டு தெர்மாமீட்டர் படம் வந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஷினைப் பக்கத்தில் வைத்தாள். மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னமோ சொல்ல வந்தவள், பாதியிலேயே தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கழுத்தில் வேர்வை கோடு கோடாக வழிந்தது. இவ்வளவு பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், அவள் முகத்தை அவர் பார்த்தே நாளாகியிருந்தது. கன்னத்து எலும்பு தெரிந்தது. என்னமாய் இளைத்துவிட்டாள்!

நிழலில் கிடந்த மிஷின் மெல்ல மெல்லக் குளிர்ந்தது. தெர்மாமீட்டர் படத்தில் சிவப்பு இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிவரைக்கும் இறங்கினால் எழுந்துகொள்ளும், கீச்சென்று கத்தும், அப்புறம் இவள் அழுத்துகிற வரை அங்கே ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். சிவப்பு பாதியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

மூட்டைக்காரர் அவள் தலை அசையாமல் பார்த்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டி மிஷினை எடுத்தார். கதவுக்கு வெளியே எட்டி, வெயிலில் கொதித்துக்கிடந்த மொட்டை மாடித் தரையில், திரை மேலே இருக்கிற மாதிரி அதை வைத்தார். சிவப்பு இறங்குவது நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது. நன்றாக ஏறட்டும் என்று இன்னும் கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளிவிட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த மூட்டையை எடுத்தார். விசிறிக்கென்று தனியாக ஒரு பேட்டரி உண்டு. பொத்தானை அழுத்தினார். கட்டைவிரல் நகத்தளவு விசிறி ரீங்காரமிட்டுச் சுற்றியது. அதை அவள் கழுத்தருகே, காற்றுப் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டார். கை வலித்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவள் பெருமூச்சுவிட்டுத் தலையை இன்னும் வசதியாகச் சாய்த்துக்கொண்டாள். போன் அடிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு, நின்றுபோனது மிஷின்தான்.